கிட்டார் பாய்க்கு நான் வைத்த பெயர்

அண்மையில் அருப்புக்கோட்டை டீக்கடை ஒன்றில், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். டீ நன்றாகத்தான் இருந்தது. பாதிக்கு மேல் குடிக்கத்தான் முடியவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தூரத்து உறவுக்காரர் ஒருவர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார் என்று மதுரையிலிருந்து போயிருந்தேன். காலையிலேயே விசேஷம் முடிந்து, இலை போட்டு, தாம்பூலப் பையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊர் திரும்ப அவசரமில்லை. சரி, அபுதாகிர் பாயை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போவோம் என்று தோன்றியது.

அபுதாகிரை உங்களுக்கு நினைவிருக்கும். சில மாதங்களுக்கு முன் இதே பக்கத்தில் அவரைப் பற்றி எழுதியிருந்தேன். தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். மிச்சம் கிடைக்கிற நேரத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிறார். எல்லாம் கையால். இடித்த வீட்டின் மரம், ஓடாத தறியின் கட்டை, கெட்டுப்போன ஸ்பீக்கரின் காந்தம், பழைய ரேடியோவின் திருகு... இப்படிச் சேர்த்துச் சேர்த்துச் செய்கிற கிட்டார்.

அந்தக் கட்டுரைக்கு வந்த பாராட்டு, எனக்குச் சமீபத்தில் வேறு எதற்கும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் அது சுற்றிச் சுற்றி, கடைசியில் என் தங்கை வீட்டுக்காரர் எனக்கே அனுப்பி வைத்தார் — யார் எழுதியது என்று பார்க்காமல்.

ஆகவே, உள்ளதைச் சொன்னால் நான் பாயைப் பார்க்கப் போகவில்லை. பாய் என்னைப் பார்க்கட்டும் என்று போனேன். தோள்பையில் அந்த இதழின் பிரதிகள் கொஞ்சம் இருந்தன. "சார், உங்களாலதான் சார்" என்று அவர் கையைப் பிடித்துக்கொள்வார், "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று நான் சொல்வேன். பஸ்ஸில் வரும்போதே அந்த "ஒன்றுமில்லை"யை எந்தக் குரலில் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். ஒரு துண்டாவது போர்த்துவார் என்றும் ஓரத்தில் நினைப்பு இருந்தது.

கடை இருந்த தெரு மறந்துவிட்டது. டீக்கடையில் கேட்டேன்.

"அபுதாகிர்னு... மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்காரே, எந்தத் தெரு?"

டீ ஆற்றுகிறவர் யோசித்தார். "அபுதாகிரா... வைண்டிங் கடை இங்க நெறைய இருக்கே சார். எந்த அபுதாகிரு?"

"கிட்டார்கூடச் செய்வாரு."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அட, நம்ம குப்பை கிட்டார் பாயா? அப்பிடிச் சொல்லுங்க." பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரைப் பார்த்து, "ஏலே, குப்பை பாய் கடை தொறந்திருக்கால?" என்றார்.

"குப்பைதானே, தொறந்துதான் இருக்கு. இப்பத்தேன் அந்தப் பக்கமா வந்தேன்" என்றார் ஆட்டோக்காரர். சொல்லிவிட்டு எனக்கு வழியும் சொன்னார். அவர் குரலில் ஒரு கேலியும் இல்லை. தபால் ஆபீஸுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் நான் தரையைப் பார்த்தேன்.

ஏனென்றால், அந்தப் பெயரை வைத்தவன் நான்.

'குப்பை கிட்டார் பாய்' — கட்டுரையின் தலைப்பே அதுதான். தலைப்பு வைத்ததும் நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். ஆசிரியரும் போனில், "தலைப்பு அருமை, பிடிச்சு இழுக்குது" என்றார். இழுக்கத்தான் செய்தது. யாரை, எங்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அன்றைக்கு டீக்கடையில்தான் தெரிந்தது.

இந்த ஊர்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஓர் ஆளுக்கு அவர் பெற்றோர் வைக்கிற பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான். ஊர் வைக்கிற பெயர் வேறு. அது ஆளுக்கு ஒட்டி, பிறகு வீட்டுக்கு ஒட்டி, பிறகு பிள்ளைகளுக்கும் ஒட்டும். ஆள் செத்த பிறகும் பெயர் இருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்பார்கள்.

இது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே ஊரில் எங்கள் வீட்டுக்கே ஒன்று உண்டு.

என் தாத்தா காலத்தில், எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், மத்தியானப் பந்திக்கு ஊற்றிய சாம்பார் ஊசிப்போய்விட்டது. சித்திரை வெயில், காலையிலேயே வைத்து இறக்கியிருக்கிறார்கள். முதல் பந்தியில் யாரோ ஒருவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நாங்கள் 'ஊசிப்போன சாம்பார் வீடு'.

அந்தச் சாம்பாரை நான் பார்த்ததில்லை. என் அப்பாவே அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் என் டிபன் பாக்ஸைத் திறந்தால் பையன்கள் மூக்கைப் பொத்துவார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அப்பா, "கண்டுக்காதடா, கொஞ்ச நாள்ல மறந்துருவானுக" என்பார். அவரும் அவர் காலத்தில் இதைக் கேட்டவர்தானே.

பிறகு வீட்டுக்கு டெலிபோன் வந்தது. ஒருநாள் மணி அடித்தது. அப்பா எடுத்தார். எதிர்முனையில் என்ன கேட்டார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா சொன்னது கேட்டது.

"ஆமாங்க, ஊசிப்போன சாம்பார் வீடுதான் பேசுறேன். சொல்லுங்க."

கோபம் இல்லாமல், சிரிப்பும் இல்லாமல் சொன்னார். அந்தப் பெயர் அன்றைக்குத்தான் நிஜமாகவே எங்களுடையது ஆயிற்று. அதுவரை அவர்கள் கூப்பிட்டார்கள். அன்று முதல் நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

நான் ஏன் புனைபெயரில் எழுதுகிறேன் என்று பேட்டிகளில் கேட்பார்கள். இலக்கியக் காரணம் ஏதாவது சொல்லி வைப்பேன். இப்போது உங்களுக்கு உண்மை தெரிந்துவிட்டது.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன்தான் இன்னொருவருக்குப் பெயர் வைத்தேன். பத்திரிகையில். கொட்டை எழுத்தில்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். பாய் கீழே உட்கார்ந்து ஒரு போர்வெல் மோட்டாரைக் குடைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார். "வாங்க சார், வாங்க. எப்ப வந்தீக?" ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ சொன்னார். மதுரையில் மழையா என்று கேட்டார். கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போன தடவை வந்தபோது அந்தச் சுவரில் ஒரு கிட்டார் தொங்கியது. நான் மயங்கியதும் எழுதியதும் அதைப் பார்த்துத்தான். பரளச்சிப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வந்த தலைவாசல் கதவு, அதன் உடம்பு. தேக்கு. கதவில் இருந்த பித்தளைக் குமிழ்களில் இரண்டை அப்படியே விட்டிருந்தார். நாதாங்கி இருந்த ஓட்டையை அடைக்கவில்லை. ஆம்ப்ளிபயருக்குப் போகிற ஒயரைச் சொருகும் இடமாக ஆக்கியிருந்தார். கழுத்துக்கு ஒரு தறியின் கட்டை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தப் பெட்டியை அவரே சுற்றியிருந்தார் — முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, மோட்டாருக்குச் சுற்றுகிற அதே கை. இன்னும் தந்தி மாட்டவில்லை.

இப்போது சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"அந்தக் கதவுக் கிட்டார் எங்க பாய்? வித்துட்டீங்களா?"

"இல்ல சார்." மோட்டாரைப் பார்த்தார். "கதவு குடுத்த வீட்டுக்காரவுக வந்து எடுத்துட்டுப் போயிட்டாக."

"ஏன்?"

அவர் மோட்டாரில் ஒரு திருகைக் கழற்றத் தொடங்கினார். கடைக்குப் பின்னால்தான் வீடு. டீயைக் கொண்டுவந்த அவர் மனைவி நூர்ஜகான் சொன்னார். டம்ளரை என் கையில் கொடுக்காமல் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"குப்பைன்னு எழுதுனா எடுத்துட்டுத்தான் போவாக. பெறகென்ன, கொஞ்சுவாகளா?"

"நூரு..." என்றார் பாய்.

"நீங்க சும்மா இருங்க. நீங்க சொல்ல மாட்டீக, நான் சொல்றேன்." என் பக்கம் திரும்பினார். "சார், இவுக உங்ககிட்ட குப்பைன்னா சொன்னாக? குப்பையில கெடந்து எடுத்ததுன்னு சொன்னாகளா?"

சொல்லவில்லை. அவர் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'பழைய சாமான்' என்றார். எழுதும்போது 'பழைய சாமான்' சப்பென்று இருந்தது. 'குப்பை' என்று மாற்றிப் பார்த்தேன். வாக்கியம் எழுந்து உட்கார்ந்தது. 'குப்பையில் கிடந்த கதவு பாட்டுப் பாடுகிறது' என்று எழுதினேன். எவ்வளவு நல்ல வாக்கியம் என்று நானே இரண்டு தரம் வாசித்தேன்.

"சொல்லலம்மா" என்றேன்.

"எம்மக டியூஷனுக்குப் போறத நிறுத்திட்டா. கூட இருக்கதுக குப்பைங்குதுகளாம்." அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பஸ்ஸில் யோசித்து வைத்த அந்த "ஒன்றுமில்லை" என் நாக்கு நுனியிலேயே இருந்தது. இப்போது அதை எங்கே போய்ச் சொல்ல?

பாய்தான் மெதுவாகச் சொன்னார். அவர் மரம் வாங்குகிற விதத்தை நான் போன தடவை கேட்கவே இல்லை. தேவைப்படவில்லை, எனக்குத்தான் 'குப்பை' கிடைத்துவிட்டதே.

அவர் பழைய மரக்கடைக்குப் போவதில்லை. எங்காவது வீடு இடிக்கிறார்கள், தறியைப் பிரிக்கிறார்கள் என்று தெரிந்தால் நேரே அந்த வீட்டுக்குப் போவார். கிட்டார் செய்யப்போகிறேன் என்று சொல்லிக் கேட்பார். எல்லோரும் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கிறவர்கள் அவர்கள் வழக்கப்படி மரத்தைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கொடுப்பார்கள். தலைவாசல் கதவென்றால் வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைத்த மரம் அல்லவா. கிட்டார் முடிந்ததும் வீட்டுக்காரர்களைக் கூப்பிடுவார். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் முதல் தடவை தந்தியைத் தட்டுவார். அதன்பிறகுதான் விற்பனை.

"குவைத்துல இருந்தப்ப ரூம்ல ஒரு பிலிப்பைன்ஸ்காரன் இருந்தான் சார். அவன் கிட்டார ரிப்பேர் பண்ணித்தான் இந்தக் கிறுக்கு பிடிச்சுது. அங்கெல்லாம் எந்த மரம்னு கேப்பாக. நம்ம ஊருல எந்த வீட்டு மரம்னுதானே கேப்பாக. அதான் கேட்டு வாங்குறது." கொஞ்சம் நிறுத்தினார். "இப்பப் போயிக் கேட்டா யோசிக்கிறாக. மல்லாங்கிணத்துல ஒரு வீட்டுல, 'கொடுத்துட்டா நாளைக்குப் பேப்பர்ல எங்க வீட்டயும் குப்பைன்னு போட்டுருவாக, வேணாம் பாய்'ன்னுட்டாக. அவுகளச் சொல்லியும் குத்தமில்ல."

மரமில்லாமல் கிட்டார் இல்லை. நம்பிக்கை இல்லாமல் மரம் இல்லை. நான் அதன் அடியிலேயே கை வைத்திருக்கிறேன்.

"நான் மறுப்பு எழுதுறேன் பாய். அடுத்த வாரமே."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "வேணாம் சார். நீங்க எழுதுனா இன்னும் பரவிரும்."

எழுதத் தொடங்கி இத்தனை வருடத்தில் என் எழுத்துக்குக் கிடைத்த மிகத் துல்லியமான விமர்சனம் இது. அவர் விமர்சனமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார்.

கதவு கொடுத்தவரைப் பார்க்க வேண்டும் என்றேன். பாய் தயங்கினார். பிடிவாதம் பிடித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற பிடிவாதத்திலும் கொஞ்சம் சுயநலம் இருக்கத்தான் செய்கிறது. கேட்டுவிட்டால் நமக்குப் பாரம் இறங்கிவிடும் அல்லவா?

அவர் பைக்கிலேயே போனோம். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வழியில் ஓர் இடத்தில் ரோட்டோரம் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள், இருவருக்கும் தும்மல். அதைத் தவிர நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

கதவு கொடுத்தவர் பெயர் குருசாமி. மானாவாரி விவசாயம் — மழை பெய்தால் பருத்தி, மிளகாய். பெய்யாவிட்டால் மேலே பார்த்துக்கொண்டிருப்பது. அவருடைய அய்யா, அதாவது அப்பா, கட்டிய வீட்டை இடித்துவிட்டுக் காங்கிரீட் வீடு கட்டியிருக்கிறார். புது வாசலில் கடையில் வாங்கிய, பளபளவென்ற கதவு.

பாயைப் பார்த்ததும், "வாங்க பாய்" என்றார். என்னைப் பார்த்து, யார் என்பதுபோல் பாயைப் பார்த்தார்.

"எழுதுனவுக அண்ணே" என்றார் பாய், பட்டும் படாமலும்.

குருசாமி என்னை ஒருதரம் முழுசாகப் பார்த்தார். "வாங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

உள்ளே அவர் அய்யாவின் போட்டோவுக்குக் கீழே அந்தக் கிட்டார் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தந்தி இல்லாமல். பித்தளைக் குமிழ் இரண்டிலும் புதிதாகக் குங்குமம்.

நான் பேசத் தொடங்கினேன். பேசத்தான் எனக்கு வருமே. தவறான நோக்கம் இல்லை என்றேன். பாராட்டத்தான் எழுதினேன் என்றேன். ஒதுக்கப்பட்ட ஒன்று கலையாக மாறுகிறது என்கிற பொருளில் அந்தச் சொல்லைப் போட்டேன் என்றேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

குருசாமி முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்.

"படிச்சேன் சார். நல்லாத்தான் எழுதியிருந்தீக. எங்கய்யா கதவுன்னு தெரியாம இருந்தா நானே சிரிச்சிருப்பேன்."

பிறகு கிட்டாரைக் கை காட்டினார்.

"குப்பையில கெடந்த கதவுன்னு போட்டிருந்தீக. எந்தக் குப்பையில? ஒரு வருசம் பருத்தி நல்லா வெளஞ்சுச்சுன்னு எங்கய்யா மதுரைக்குப் போயி எடுத்தாந்த மரம். இடிக்கையில வெறகுக்குக் கேட்டாக, குடுக்கல. பாயி வந்து கேட்டாரு. பாட்டுக்குத்தான போகுது, போகட்டும்னு நான் எந்தலையில தூக்கியாந்து வண்டியில வச்சேன்." கை தன்னை அறியாமல் தலைக்குப் போனது. "இப்ப ரேஷன் கடையில நின்னா, 'அய்யா கதவக் குப்பையில போட்டவன் வாரான்'ங்கிறாக. வெளையாட்டுக்குத்தான் சொல்றாக. எத்தன நாளைக்குச் சிரிக்கிறது?"

"தப்புத்தாங்க" என்றேன். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

 பிறகு அவர் கேட்டார் — கோபமாக இல்லை, வந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக.

"நீங்க எந்த ஊரு?"

"பூர்வீகம் அருப்புக்கோட்டைதான்."

"அருப்புக்கோட்டையில யாரு வீடு?"

இந்தக் கேள்விக்கு நான் ஆயுள் முழுக்க ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன். தெருப் பெயரைச் சொல்வேன். இன்னும் துருவினால் பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்தைச் சொல்வேன். அதற்கும் மேலே போனால் போன் வந்ததுபோல் எழுந்துவிடுவேன். அன்றைக்கும் தெருப் பெயர் வாய்வரை வந்தது. போட்டோவில் இருந்த பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிட்டாரும்தான்.

"ஊசிப்போன சாம்பார் வீடு" என்றேன்.

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

குருசாமியின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "அட... அந்த வீடா? எங்க சின்னாயி சொல்லும். கல்யாணத்துல..." என்று தொடங்கினார். அப்பாடா, சிரித்துவிட்டார், இனி காப்பி வரும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். என் வீட்டு மானத்தைக் கொடுத்து இந்த மன்னிப்பை வாங்கிவிடலாம் என்று எனக்குள் ஒரு வியாபாரி உட்கார்ந்திருந்தான்.

ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர் என்னையே பார்த்தார்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்ல."

நான் தலையாட்டினேன்.

"பேரு ஒட்டுனா எப்பிடி இருக்கும்னு தெரிஞ்சுமா இப்பிடி எழுதுனீக?"

தெரியாமல் செய்தவனுக்கு ஒரு வாசல் இருக்கிறது. அதை நானே சாத்திவிட்டேன். கூனிக் குறுகுவது என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது முதுகில் நடப்பது இல்லை, ஐயா. வயிற்றுக்குள் நடக்கிறது. அந்த இடத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்று இருந்தது.

குருசாமி உள்ளே போனார். கிட்டாரை இரண்டு கையாலும் எடுத்தார். ஒரு வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு வந்து பாயிடம் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போங்க பாய். கோவத்துல தூக்கியாந்துட்டேன். அரையும் கொறையுமா இத இங்க வச்சுப் பாக்கவும் முடியல. முடிச்சிட்டுச் சொல்லுங்க, நாங்க எல்லாரும் வாரோம்."

பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "சரிண்ணே" என்றார்.

குருசாமி வாசல்வரை வந்தார். பைக் கிளம்பும்போது பாயிடம் மட்டும் சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

"அன்னைக்கு இவுக வர வேணாம்."

திரும்பி வரும்போது கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வேறு வழியில்லை, பாய் வண்டி ஓட்ட வேண்டுமே. துணி விலகி ஒரு பித்தளைக் குமிழ் என் சட்டையில் உரசிக்கொண்டே வந்தது. மதுரைக்கு வந்து பார்த்தால் சட்டையில் குங்குமம். என் மனைவி என்ன கறை என்று கேட்டாள். குருசாமி வீட்டுக் கதவு என்றேன். அவளுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கு அன்று தெம்பு இல்லை.

பையில் கொண்டுபோன பத்திரிகைப் பிரதிகள் அப்படியே திரும்பி வந்தன.

போன வெள்ளிக்கிழமை பாயிடமிருந்து போன் வந்தது. குருசாமி குடும்பத்தோடு வந்திருந்தாராம். தந்தியைத் தட்டியதும் அவர் எழுந்து நின்றுவிட்டாராம். "கதவு தொறக்கைல ஒரு சத்தம் வரும் பாய், இது அது இல்ல. ஆனா நல்லாருக்கு" என்றாராம். பிறகு எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அங்கே நான் இல்லாததால்தான் அது அவ்வளவு நன்றாக நடந்தது என்றும் புரிந்தது.

"பாய், இதை எழுதட்டுமா?" என்று கேட்டேன். கேட்காமல் எழுதுகிறவன் கேட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் யோசித்தார். "குருசாமி அண்ணனுக்குக் கதவப் பத்தி சரியா வந்தா நல்லாருக்கும். எழுதுங்க சார். எம்பேர மட்டும் சரியாப் போட்டுருங்க. அது போதும்."

"கண்டிப்பா பாய்" என்றேன்.

அப்போது அவர் கடை வாசலில் ஏதோ ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் போனில் கேட்டது. தொடர்ந்து ஓர் இளைஞனின் குரல்.

"அண்ணே, குப்பை கிட்டார் பாய் கடை இதானா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சொல்லாதீர்கள் பாய், இல்லை என்று சொல்லுங்கள், கோபப்படுங்கள், ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஆமாங்க" என்றார் பாய். "உள்ள வாங்க."

கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. இந்தக் குரலை நான் சின்ன வயதில் எங்கள் வீட்டு டெலிபோன் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"ஆள் வந்திருக்கு சார், வச்சிர்றேன்" என்று போனை வைத்தார்.

அருப்புக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் அவர் கடைக்குப் போங்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் தெரியாது என்பார்கள். நேரம் ஆனாலும் பரவாயில்லை, திரும்பத் திரும்ப அந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள்.

அவர் பெயர் அபுதாகிர்.